வாயில்லா ஜீவனுக்கு வாய் கொடுத்தவர்: அன்னா சூவெல்

திண்டுக்கல் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தபடி இருக்கும் நமது பேகம்பூருக்கு அந்தப் பெயர் வந்த வரலாற்றை மாணவிகள் பலரும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்பீர்கள். 1755-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக வந்தார். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகம் இங்கே அடக்கம் செய்யப்பட்டதால் இப்பகுதி பேகம்பூர் ஆயிற்று என்பது ஊர் வழக்கு. ஹைதரின் பெரும் பலம் அவருடைய குதிரைப் படை. கோட்டைக்குக் கீழே இந்த மண்ணில் ஒரு காலத்தில் குளம்பொலி ஓயாமல் கேட்டிருக்கும்.

போர்க் குதிரைகள் போயின. ஜட்கா வண்டிக் குதிரைகள் வந்தன. நம் பாட்டிமார் ரயிலடிக்கும் சந்தைக்கும் போனது அந்த வண்டிகளில்தான். வைக்கோல் பரப்பிய வண்டிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்பாரம் பின்பாரம் என்று வண்டிக்காரர் சொல்லச் சொல்ல நகர்ந்து கொடுத்த கதையை அவர்கள் சொல்லக் கேட்கலாம். ஆட்டோக்கள் பெருகிய பின் அந்தக் குதிரைகளும் மறைந்து போயின. போர்க் குதிரைக்காவது சரித்திரத்தில் ஓரிடம் உண்டு. வெயிலில் வண்டி இழுத்துத் தேய்ந்த குதிரைக்கு யார் சரித்திரம் எழுதுவார்?

ஒரு பெண்மணி எழுதினார். அவர் நம் நாட்டவர் அல்லர். பெரிய படிப்பு படித்தவரும் அல்லர். தாமாக நாலடி நடக்கவும் முடியாதவர். வாழ்நாளில் அவர் எழுதி வெளியிட்டது ஒரே ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தைப் பலர் பள்ளியில் துணைப்பாடமாகவே படித்திருப்பார்கள். அதன் பெயர் பிளாக் பியூட்டி. கறுப்பழகன் என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் அன்னா சூவெல்.

அன்னா 1820-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிரேட் யார்மத் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஐசக், தாய் மேரி. அவர்கள் குவேக்கர் எனப்படும் எளிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். ஆடம்பரம் கூடாது, பொய் கூடாது, எந்த உயிருக்கும் தீங்கு செய்யலாகாது என்ற ஒழுங்கில் வளர்ந்த குடும்பம். தந்தைக்கு எந்தத் தொழிலும் நிலைக்கவில்லை. வீடு மாறி, ஊர் மாறி, கையிலிருந்த பொருளும் கரைந்தது. ஆனாலும் அந்த வீட்டில் அன்புக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கு அனுப்ப வசதி இல்லாததால் அன்னாவுக்கும் தம்பி பிலிப்புக்கும் தாயே ஆசிரியையானார். பூச்சிகளையும் பறவைகளையும் செடிகொடிகளையும் கவனித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

விடுமுறைக் காலங்களில் நார்போக் மாவட்டத்தில் உறவினர் வீட்டுப் பண்ணைக்கு அக்காளும் தம்பியும் போவார்கள். அங்கேதான் அன்னா குதிரையேறப் பழகினார். குதிரை காதை எப்போது பின்னுக்கு மடிக்கிறது, வாலை எப்போது சுழற்றுகிறது, எந்தக் குரலுக்கு நிற்கிறது என்றெல்லாம் சிறு வயதிலேயே அவருக்குத் தெரிந்து போயிற்று.

பன்னிரண்டு வயதில்தான் அன்னா முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனார். அந்த மகிழ்ச்சி இரண்டே ஆண்டுகள் நீடித்தது. பதினான்கு வயதில், ஒரு நாள் பள்ளி விட்டு மழையில் வீடு திரும்புகையில் வழுக்கி விழுந்தார். இரண்டு கணுக்கால்களிலும் பலத்த அடி. அக்கால வைத்தியம் அதைக் குணப்படுத்தவில்லை. அன்று தொடங்கிய ஊனம் கடைசி மூச்சு வரை அவரை விட்டு நீங்கவில்லை. சில நாட்கள் ஊன்றுகோலுடன் நடப்பார். பல நாட்கள் எழுந்து நிற்கவும் முடியாது. கடற்காற்று நல்லது என்று 1836-இல் குடும்பம் பிரைட்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் ஜெர்மனி தேசத்து நீர்ச் சிகிச்சை நிலையம் வரை போய்ப் பார்த்தார்கள். நிரந்தர சுகம் கிடைக்கவில்லை.

உங்கள் வயதில் ஒரு பெண்ணுக்கு ஓடவும் ஆடவும் உலகம் அடைபட்டுப் போனால் என்ன செய்வாள்? அன்னா முகம் சுளித்து மூலையில் படுத்துவிடவில்லை. நடக்க இயலாத அவருக்குக் குதிரையே கால்களாயிற்று. சிறிய குதிரை பூட்டிய வண்டியைத் தாமே ஓட்டப் பழகினார். தந்தையை வேலைக்காக ரயில் நிலையத்தில் கொண்டு விடுவதும் மாலையில் அழைத்து வருவதும் அவர் வேலை. அவர் வண்டி ஓட்டியதைப் பார்த்தவர்கள் வியந்திருக்கிறார்கள். லகானை இறுக்கிப் பிடிக்க மாட்டார். சவுக்கைத் தொட மாட்டார். பக்கத்தில் நடந்து வரும் தோழியிடம் பேசுவதுபோலக் குதிரையிடம் பேசுவார். அது அவர் சொன்னபடி போகும்.

தாய் மேரி ஐம்பது வயதைக் கடந்த பின் எழுதத் தொடங்கி, ஏழை மக்களுக்கான எளிய கதைப் பாடல்களால் பெரும் புகழ் பெற்றார். அவர் எழுதியதையெல்லாம் படித்துத் திருத்தியவர் மகள்தான். மகள் வேண்டாம் என்று சொன்ன வரி அச்சேறாது. தாயும் மகளுமாக உழைப்பாளிகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். குடிப்பழக்கத்தை எதிர்த்துப் பேசினார்கள். வண்டிக்காரர்கள், லாயக்காரர்கள், சுரங்கத் தொழிலாளிகள் ஆகியோரின் வாழ்க்கையை அன்னா அருகிலிருந்து கண்டார். அவர்கள் கொடியவர்கள் அல்லர், பெரும்பாலும் அறியாதவர்கள். அறியாமையும் அவசரமும் வறுமையும் சேர்ந்துதான் குதிரையின் முதுகில் சவுக்கடியாக விழுகின்றன என்று கண்டுகொண்டார்.

பிலிப்பின் மனைவி ஏழு பிள்ளைகளை விட்டு இறந்து போனபோது, தம்பிக்குத் துணையாக இருக்க 1867-இல் குடும்பம் நார்விச் நகருக்கு அருகிலுள்ள ஓல்டு கேட்டன் என்ற ஊருக்கு வந்தது. 1871-இல் அன்னாவின் உடல்நிலை மிகவும் சீர்கெட்டது. இனி வண்டியும் இல்லை, வெளியும் இல்லை. கட்டிலும் சோபாவும்தான் என்றானது. அந்த நிலையில்தான் அவர் புத்தகத்தைத் தொடங்கினார். தெம்புள்ள நாளில் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் சில வரிகள் எழுதுவார். தெம்பில்லாத நாளில் வாயால் சொல்லுவார். தாய் அவற்றைத் திருத்தமாகப் பிரதியெடுப்பார். இடையிடையே மாதக் கணக்கில் வேலை நின்று போகும். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் அந்தச் சிறு நூல் முடிந்தது.

கதையைச் சொல்வது ஒரு குதிரை. குதிரை மொழியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது என்று முதல் பக்கத்தில் வேடிக்கையாக அச்சிட்டிருந்தார்கள். ஆனால் வேடிக்கைக்காகவோ குழந்தைகளுக்காகவோ அன்னா அதை எழுதவில்லை. குதிரையோடு நாளெல்லாம் பழகும் பணியாளர்கள் படித்து மனம் இரங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

நூலின் மூன்றாம் அத்தியாயத்திலேயே அவர் தம் முதல் பாடத்தை வைத்துவிட்டார். கறுப்பழகனை வளர்த்த குடியானவர் அவனை நான்கு வயது நிரம்பும் வரை விற்கவில்லை, வேலையிலும் பூட்டவில்லை. சிறுவனிடம் பெரியவன் வேலையை வாங்குவது எப்படித் தவறோ, அப்படியே குட்டியிடம் முழுக் குதிரையின் வேலையை வாங்குவதும் தவறு என்பது அவருடைய கொள்கை. அதுவரை அவன் தாயோடு புல்வெளியில் ஓடித் திரிந்தான். பிறகு பழக்கியபோதும் படிப்படியாகவே பழக்கினார்: முதலில் தலைக் கயிறு, பின் கடிவாளம், பின் சேணம், பின் லாடம், பின் வண்டி. வாயில் இரும்பு வைப்பது எவ்வளவு அருவருப்பானது என்று குதிரை சொல்லும்போது நமக்கே வாய் கசக்கும். ஆனால் ஒவ்வொரு புதுப் பொருளுடனும் ஒரு கைப்பிடி தானியமும் ஓர் அன்பு மொழியும் தட்டிக் கொடுத்தலும் வந்ததால் அவன் மிரளவில்லை. ரயிலின் இரைச்சலுக்குப் பயப்படாமல் இருக்க, இருப்புப்பாதை ஓரத்துப் புல்வெளியில் இரண்டு வாரம் மேயவிட்டார்கள். வண்டி இழுக்கக் கற்றபோது பக்கத்தில் பூட்டப்பட்டது யார் தெரியுமா? அவனுடைய சொந்தத் தாய்.

இதற்கு நேர்மாறாக ஜிஞ்சர் என்ற பெண் குதிரையின் கதையை அன்னா வைக்கிறார். அவளைத் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்தார்கள். பழக்கும் நாள் வந்தபோது பல ஆட்கள் சேர்ந்து மூலையில் மடக்கி, மூக்கைப் பிடித்து, வாயைப் பிளந்து கடிவாளத்தைத் திணித்தார்கள். அடித்து ஓட்டிக் களைப்படையச் செய்தால் பணிந்துவிடும் என்று நினைத்தார்கள். அவள் பணியவில்லை, கடிக்கவும் உதைக்கவும் கற்றுக்கொண்டாள். பின்னாளில் நல்ல எஜமானர் ஒருவரிடம் சிறிது அமைதி கண்டாள். ஆனால் ஒரு பிரபு வீட்டு இளைஞன் வேட்டையில் அவளை மட்டுமீறி ஓட்டியதால் மூச்சும் முதுகும் கெட்டன. கைமாறிக் கைமாறி, கடைசியில் லண்டன் வாடகை வண்டியில் இழுபட்டு மடிந்தாள். இரண்டும் நல்ல இனத்துக் குதிரைகளே. கறுப்பழகனுக்கும் பின்னால் துன்பம் வராமல் இல்லை. குடிகாரன் ஒருவன் லாடம் கழன்ற காலோடு கல் பாதையில் அவனை விரட்டியதால் முழங்கால்கள் உடைந்தன. பின்னர் பேராசைக்காரன் ஒருவனிடம் அதிகப் பாரம் இழுத்து நடுத்தெருவில் விழுந்தான். ஆனால் அவன் எழுந்தான். புல்லும் ஓய்வும் கிடைத்ததும் தேறினான். இளமையில் கிடைத்த நிதானமும் அன்பும் முதுமையில் அவனுக்குக் கைகொடுத்தன.

அன்னா அனுபவத்தால் சொன்னதை இன்றைய கால்நடை மருத்துவம் எலும்புக் கணக்கால் சொல்கிறது. குதிரையின் எலும்பு முனைகளில் குருத்தான வளர்ச்சிப் பகுதிகள் உண்டு. வயது ஏற ஏற அவை கெட்டிப்படும். முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள பகுதி கெட்டிப்படவே ஏறக்குறைய இரண்டரை வயது ஆகும். ஆள் ஏறி உட்காரும் முதுகெலும்போ ஐந்து, ஐந்தரை வயது வரையிலும் முதிர்ந்துகொண்டே இருக்கும். வெளியில் பார்த்தால் மூன்று வயதுக் குதிரை வளர்ந்து முடிந்ததுபோலத்தான் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி முழுப் பாரம் ஏற்றினால், வினை உடனே தெரியாது. சில ஆண்டு கழித்து நொண்டலாகவும் முதுகுவலியாகவும் வெளிப்படும். அதற்காகக் குட்டியை லாயத்தில் கட்டிப்போட்டு வைப்பதும் தவறு. வெளியில் தானாக ஓடித் திரிந்தால்தான் எலும்பு உரம் பெறும். ஓட்டம் வேண்டும், பாரம் பொறுத்து வர வேண்டும்.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலான ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி இதற்குக் கண்கண்ட சான்று. அங்குள்ள லிபிசானர் குதிரைகள் பிறக்கும்போது கருநிறமாக இருந்து வளர வளர வெண்ணிறம் அடைபவை. மூன்று வயதுக்கு மேல் வரை மலைப் புல்வெளிகளில் திரிந்துவிட்டு, நான்கு வயதளவில்தான் பயிற்சிக்கு வருகின்றன. பயிற்சி முற்றுப்பெறப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் இருபது வயதைத் தாண்டியும் அவற்றில் பல, காண்போர் வியக்க அடியெடுத்து ஆடுகின்றன. பல நூற்றாண்டுகளாக ஆண்களே பயின்ற அந்தப் பள்ளியில் 2008-இல் முதன்முதலாகப் பெண்கள் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். இவ்விதம் குதிரையும் மனிதரும் ஒருமனப்பட்டு அடியெடுத்து வைக்கும் கலைக்கு டிரெஸாஷ் என்று பெயர். ஒலிம்பிக்கில் இப்போட்டிக்கு எட்டு வயதுக்குக் குறைந்த குதிரையை இறக்க முடியாது. 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் நாட்டு அணி இதில் தங்கம் வென்றதும், அந்த நால்வரில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்ற இரு பெண்கள் இருந்ததும் நமக்குப் பெருமை.

அன்னாவின் இரண்டாம் பாடம் ஒரு தோல் வாரைப் பற்றியது. அக்காலச் சீமான்கள், வண்டிக் குதிரை தலையை நிமிர்த்தி நின்றால்தான் பார்வைக்கு எடுப்பு என்று கருதினார்கள். அதற்காகக் கடிவாளத்திலிருந்து முதுகுச் சேணத்துக்கு ஒரு வாரை இழுத்துக் கட்டித் தலையைத் தாழ்த்தவிடாமல் செய்தார்கள். மேட்டில் பாரம் இழுக்கும் எந்த ஜீவனும் தலையைத் தாழ்த்தி, உடல் எடையை முன்னே தள்ளித்தான் இழுக்கும். நம் ஊர் மாட்டைப் பார்த்தாலே இது விளங்கும். தலையைத் தாழ்த்த முடியாத குதிரைக்கு மூச்சுக்குழல் நெருக்குண்டது. முதுகும் பின்னங்கால்களும் கெட்டன. வாயில் நுரையோடு ரத்தம் கசிந்தது. இவ்வளவும் எதற்காக? அழகுக்காக. இன்றும் பயிற்சி என்ற பெயரில் குதிரையின் தாடையை நெஞ்சோடு சேர்த்து இழுத்து வளைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பலவந்தமாக அப்படி வளைப்பதைச் சர்வதேசக் குதிரையேற்ற சம்மேளனம் 2010-இல் ஏற்கத் தகாதது என்று அறிவித்தது. அன்னாவின் வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை.

நார்விச் நகரத்து ஜரோல்டு பதிப்பகத்தார் ஒரு சிறு தொகையை ஒரே தடவையாகக் கொடுத்து நூலை வாங்கிக்கொண்டார்கள். 1877 நவம்பர் மாதம் அது வெளிவந்தது. அடுத்த ஐந்தே மாதத்தில், 1878 ஏப்ரல் 25-ஆம் நாள், தம் 58-ஆம் வயதில் அன்னா கண் மூடினார். புத்தகம் விற்கத் தொடங்கிவிட்டது என்ற செய்தியைக் கேட்டுவிட்டுப் போனார். அது உலகமெல்லாம் பரவியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அடக்கம் செய்யும் நாளில் நிகழ்ந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. சவ வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. எண்பது வயதைக் கடந்திருந்த தாய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். குதிரைகளின் தலை அந்த வாரால் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. மகளை இழந்த துயரத்தின் நடுவிலும் அந்தத் தாய் வெளியே வந்து, எல்லாக் குதிரைகளின் வாரையும் அவிழ்க்கச் செய்தார். அதன் பிறகே வண்டி நகர்ந்தது. அன்னாவின் முதல் வெற்றி அவருடைய கடைசிப் பயணத்திலேயே கிடைத்துவிட்டது.

1890-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஏஞ்சல் என்ற ஜீவகாருண்யர் நூலை அச்சிட்டு, வண்டிக்காரர்களுக்கும் லாயக்காரர்களுக்கும் இலவசமாகவும் மலிவாகவும் வழங்கினார். இலட்சக்கணக்கில் பிரதிகள் பரவின. இங்கிலாந்தில் அந்தக் கொடிய வார் படிப்படியாக வழக்கொழிந்து போனதில் இந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. இதுவரை ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன என்பார்கள்.

நம் நாட்டிலும் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. 1965-இல் வந்த விதிகள் வண்டி இழுக்கும் பிராணிகளுக்கு வேலை நேரம், பாரம் ஆகியவற்றுக்கு வரம்பு வகுத்தன. கூர் முள் பதித்த கடிவாளத்தையும் தடுத்தன. நாள் ஒன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. கடும் வெயிலான உச்சி நேரத்தில் ஓய்வு தர வேண்டும். ஜட்கா ஸ்டாண்டில் கால் மாற்றி மாற்றி நின்ற அந்த எலும்பும் தோலுமான குதிரைகளுக்கு இந்தச் சட்டம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் மனிதர்கள்.

அன்பு மாணவிகளே, பள்ளி வாழ்க்கை இரண்டே ஆண்டில் தடைப்பட்ட ஒரு பெண், படுக்கையிலிருந்தபடி, பென்சில் துண்டால் உலகத்தின் ஒரு கொடுமையைக் குறைத்தார். நமக்கு இது இல்லை, அது இல்லை என்று சோரும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். பறவையையும் மிருகத்தையும் சகோதரராகப் பாவித்த அசிசி நகர் புனித பிரான்சிஸின் திருநாளை அக்டோபர் 4-இல் கொண்டாடுகிறோம். அன்று தெருவில் ஒரு வாயில்லா ஜீவனுக்குத் தண்ணீர் வைத்தால் அது நல்லதொரு செபமாகும்.

பெற்றோருக்கும் இந்தக் கதையில் ஒரு சேதி இருக்கிறது. வகுப்பில் முதலிடம், அதோடு பாட்டு, பரதம், ஓட்டப் பந்தயம் எல்லாவற்றிலும் முதலிடம் என்று வளரும் பிள்ளையின் தலையைத் தூக்கிக் கட்டும் வார்கள் நம் வீடுகளிலும் உண்டு. பார்வைக்கு அது எடுப்பாகத்தான் இருக்கும். எலும்பு முதிரும் முன் ஏற்றிய பாரம் எங்கே வலிக்கிறது என்பது பல ஆண்டு கழித்தே தெரியவரும். கற்றுக் கொடுக்க வேண்டாம் என்பதல்ல. கறுப்பழகனும் கடிவாளம் பழகினான். பழக்கியவரின் கையில் தானியமும் நாவில் அன்பும் நெஞ்சில் பொறுமையும் இருந்தன. பக்கத்திலே தாயும் நடந்து வந்தாள். குழந்தைகளை நம்மிடம் ஒப்படைத்த இறைவன் அவர்கள் வளரும் காலத்தையும் தாமே குறித்து வைத்திருக்கிறார். அந்தக் காலம் கனியும் வரை காத்திருப்பதும் வளர்ப்பில் ஒரு பாதியே.